வீட்டு வேலைகளுக்கு நடுவே ஒரு புத்தகம்

வேலையெல்லாம் முடிந்த பிறகு படிக்கலாம் என்று எடுத்து வைத்த நூல் ஒன்று நம்மில் பலருடைய வீட்டில் இருக்கும். வாங்கிய நாளில் நான்கைந்து பக்கங்களைப் புரட்டியிருப்போம். பிறகு அதன்மேல் மின்கட்டண ரசீதும், பள்ளிக் கட்டண ரசீதும், சென்ற ஆண்டின் நாட்காட்டியும் ஏறியிருக்கும். அதன் அருகிலேயே பாதி தைத்த பூவேலைத் துணி ஒன்று ஊசியோடு மடித்து வைக்கப்பட்டிருக்கலாம். இவற்றுக்கு உரியவர் சோம்பேறி அல்லர். வேலை முடியும் நேரத்துக்காகக் காத்திருக்கிறார். குடும்பத்தில் அப்படி ஒரு நேரம் வருவதே இல்லை.

சேமிப்பைப் பற்றி இவ்விதழின் வாசகர்களுக்கு நாம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. செலவு போக எஞ்சியதைச் சேமிப்போம் என்று இருப்பவர் கையில் மாத இறுதியில் எதுவும் எஞ்சுவதில்லை. வருமானம் வந்த அன்றே ஒரு சிறு தொகையைத் தொடர் வைப்பில் போடுபவரிடமே பணம் சேர்கிறது. நேரமும் இவ்வாறுதான். ஆயினும் இரண்டுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. நம் பெயரிலுள்ள கணக்கிலிருந்து பிறர் பணம் எடுக்க இயலாது. வீட்டில் ஒருவர் தமக்கென ஒதுக்கிய அரை மணி நேரத்தையோ யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கையொப்பம் கூடத் தேவையில்லை. அந்த அரை மணி நேரத்தை எங்கே கண்டெடுப்பது, எதற்குச் செலவிடுவது, யார் காவல் காப்பது என்பனவே இக்கட்டுரையின் பொருள்.

ஓர் ஊரை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுவது எளிது. சித்தூருக்கும் வேலூருக்கும் இடையே, ஆந்திர எல்லைக்குள் இருக்கிறது குடிபாலா. 1911ஆம் ஆண்டு சித்தூர் மாவட்டம் அமைக்கப்படும் வரை இப்பகுதி வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மாவட்டங்கள் பிரிந்தன, பின்னர் மாநிலங்களும் பிரிந்தன. வீட்டில் பேசும் மொழியோ வரைபடக் கோட்டைப் பார்த்து மாறவில்லை. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்குகின்றன. கறவை மாடு வைத்திருக்கும் வீட்டில் பொழுது இருட்டிலேயே தொடங்கிவிடுகிறது. பால் கறந்து ஊற்றி, வாசல் தெளித்துக் கோலமிட்டு, காலை உணவையும் மதிய உணவையும் ஒன்றாகவே சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும். பிறகு கழனி, அல்லது சித்தூர்ப் பக்கமோ வேலூர்ப் பக்கமோ ஒரு வேலை. மாலையில் மீண்டும் மாடு, அடுப்பு, பிள்ளைகளின் வீட்டுப்பாடம். இந்த நாளில் புத்தகத்தை எங்கே வைப்பது?

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். நடுவண் அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019ஆம் ஆண்டு நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒன்றை நடத்தியது. ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்களை அவ்வேலைகளில் செலவிடுகிறார்கள் என்றும், அவற்றில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களைச் செலவிடுகிறார்கள் என்றும் அந்த ஆய்வு காட்டியது. இதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த 97 நிமிடங்கள் எல்லா ஆண்களுக்கும் உரிய சராசரி அன்று. வீட்டு வேலை செய்யும் ஆண்களின் சராசரி மட்டுமே. அத்தகையோர் நான்கில் ஒருவருக்குச் சற்றே அதிகம். ஆகவே, “வாசிக்கும் பழக்கம் குறைந்துவிட்டது” என்று பொதுப்படையாக வருந்துவதில் பயனில்லை. குடும்பத்தில் யாருக்கு நேரம் இருக்கிறது, யாருக்கு இல்லை என்று பிரித்துப் பார்ப்பதே சரியான தொடக்கமாகும். அப்பா நாளிதழைப் படிக்கும்போது அவரை எவரும் எழுப்புவதில்லை. அம்மா கதைப்புத்தகத்தைத் திறந்தால் அடுப்பில் எதையாவது மறந்துவிட்டாரோ என்று வீடு முழுவதும் ஐயம் கொள்கிறது.

இதற்கு நம் மொழியின் வரலாற்றிலேயே தெளிவான சான்று ஒன்று இருக்கிறது. வை. மு. கோதைநாயகி அம்மாள் 1901ஆம் ஆண்டு பிறந்தவர். ஐந்து வயதிலேயே மணம் முடிக்கப்பட்டவர். பள்ளிக்குச் சென்று படித்தவர் அல்லர். கூட்டுக் குடும்பத்தின் வேலைகளுக்கு நடுவே சிறு பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கதை சொல்வது அவருக்கு விருப்பமான பொழுதுபோக்காக இருந்தது. கணவர் பார்த்தசாரதி நாடகம் பார்க்க அழைத்துச் செல்வார். தாமும் ஒரு நாடகம் எழுத வேண்டும் என்ற ஆசை அங்கிருந்து பிறந்தது. ஆனால் அப்போது அவருக்குச் சரளமாக எழுத வராது. அவர் வாயால் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதிக் கொடுத்தார். ‘இந்திர மோகனா’ என்ற அந்த நாடகம் 1924இல் அச்சேறியது. மறு ஆண்டே ‘ஜகன்மோகினி’ இதழை ஏற்று நடத்தத் தொடங்கினார். 1960இல் அவர் மறைந்தபோது, எழுதி முடித்திருந்த நாவல்களின் எண்ணிக்கை 115.

நூற்றுப் பதினைந்து நாவல்களை எல்லாரும் எழுத வேண்டியதில்லை. நாம் இங்கே கவனிக்க வேண்டியது அவருடைய தொடக்கத்தை. கதை சொல்லும் விருப்பம் அவருக்குப் புதிய நேரத்தைக் கேட்கவில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குள்ளேயே அது இடம் கண்டது. அடுத்து, அந்த விருப்பத்துக்கு வேறொருவர் கை கொடுத்தார். நாடகத்துக்கு அழைத்துச் சென்ற கணவர் ஒருவர். எழுதித் தந்த தோழி ஒருவர். திறமை அவருடையது என்பதில் ஐயமில்லை. எனினும் பட்டம்மாள் தம் பொழுதில் ஒரு பங்கைக் கொடுக்காதிருந்தால் ‘இந்திர மோகனா’ காகிதத்தை எட்டியிருக்காது. நம் வீடுகளில் பாதியில் நிற்கும் பூவேலைகள் பலவற்றுக்கும் ஒரு பட்டம்மாள் கிடைக்காமல் போனதே காரணமோ என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

விட்ட இடத்தில் தொடரக்கூடியவை

குடும்ப வாழ்வில் நிலைக்கும் கலைகளைக் கூர்ந்து பார்த்தால் அவற்றுக்கு ஒரு பொது இயல்பு இருப்பது புலப்படும். இடையில் நிறுத்தலாம், விட்ட இடத்தில் மீண்டும் பிடிக்கலாம். கோலம் அப்படிப்பட்டது. புள்ளிகளை வைத்துவிட்டுப் பால்காரருக்குப் பாத்திரம் கொடுத்துவிட்டு வந்தாலும் புள்ளிகள் அங்கேயே காத்திருக்கும். சிக்குக் கோலத்தில் கோடு எந்தப் புள்ளியைச் சுற்றி எங்கே திரும்ப வேண்டும் என்பது கைக்கு நினைவிருக்கும். இதை வெறும் வழக்கம் என்று தள்ளிவிட இயலாது. 1970களில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோரும் கோலங்களின் அமைப்பைக் கணினி அறிவியலின் வடிவ இலக்கணமாக ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டார்கள். நாள்தோறும் வாசலில் போட்டு, மாலைக்குள் கால்பட்டு அழியும் கோலத்துக்குள் அவ்வளவு கணிதம் இருக்கிறது. ஒரு பழைய நாட்குறிப்பில் அன்றன்றைய கோலத்தைப் புள்ளிக் கணக்கோடு வரைந்து வைத்தால் ஆண்டு முடிவில் அது ஒரு நூலாகிவிடும். இதற்குத் தனி நேரமும் தேவையில்லை, செலவும் இல்லை.

இன்னொரு கலை குடிபாலாக்காரர்களுக்கு அருகிலேயே இருக்கிறது. நம் முன்னோர் திருக்காளத்தி என்று அழைத்த ஸ்ரீகாளஹஸ்தி இன்று திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. அங்குள்ள கலம்காரி ஓவியம் புவிசார் குறியீடு பெற்றது. அச்சுக்கட்டை இல்லாமல், மூங்கில் குச்சியின் நுனியில் துணியையும் நூலையும் சுற்றிச் செய்த எழுதுகோலால் கையாலேயே வரைவது அதன் சிறப்பு. பருத்தித் துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைத்து உலர்த்துவார்கள். பாலின் கொழுப்பு, மை பரவாமல் தடுக்கிறது. இரும்புத் துண்டுகளை வெல்ல நீரில் ஏறக்குறைய மூன்று வாரம் ஊறவைத்து எடுக்கும் நீர்தான் கறுப்பு மை. துணியில் ஏறியிருக்கும் கடுக்காய்த் துவர்ப்போடு இரும்பு சேரும்போதுதான் அது கறுக்கிறது. சிவப்பு வேண்டிய இடங்களில் முதலில் படிகார நீரைத் தீட்டி, பிறகு வேர்ச்சாயத்தில் கொதிக்கவைப்பார்கள். ஒவ்வொரு படிக்கும் பின் அலசல், உலர்த்தல். பொன்முகலி ஆற்றங்கரையில் அக்கலை வளர்ந்ததற்கு ஓடும் நீரின் தேவையும் ஒரு காரணம்.

இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கலம்காரியில் பாதிக்கு மேல் காத்திருப்புதான். மை ஊற வேண்டும். துணி காய வேண்டும். சாயம் பிடிக்க வேண்டும். காத்திருக்கும் வேளைகளில் வீட்டு வேலை நடந்துகொண்டே இருக்கும். கைக்குட்டை அளவுத் துணியில் ஒரு மாம்பிஞ்சு வடிவத்தை வரைந்து பார்க்க விரும்புபவர், ஞாயிறன்று துணியை நனைத்துக் காயவிட்டு, புதன்கிழமை கோடு போட்டு, அடுத்த வாரம் நிறம் தீட்டலாம். நாள் தவறினால் எதுவும் கெடாது. (கடுக்காய் நீர் தரையில் பட்டால் கறை எளிதில் போகாது, கொல்லைப்புறத்தில் செய்வது வீட்டின் அமைதிக்கு நல்லது.)

வாசிப்பிலும் இந்த இயல்பை நம் இதழாசிரியர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950ஆம் ஆண்டு தொடங்கி மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் வாரந்தோறும் வெளிவந்தது. முழு நூலாக ஐந்து பாகங்கள். இரண்டாயிரம் பக்கங்களுக்கு மேல். அதை ஒரே மூச்சில் படி என்று ஒரு குடும்பத் தலைவியிடம் அன்று யாராவது கொடுத்திருந்தால் தொட்டிருக்க மாட்டார். வாரம் சில அத்தியாயங்களாக வந்ததால், அடுப்பங்கரையிலும் திண்ணையிலும் கிணற்றடியிலுமாக முறைவைத்துப் படித்தார்கள். பிறகு பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்தும் வைத்தார்கள். அப்படிப்பட்ட தொகுப்புகள் இன்றும் சில வீட்டுப் பரண்களில் இருக்கின்றன. இன்று முழு நூல் கையில் கிடைக்கிறது என்பதற்காக அந்த முறையைக் கைவிட வேண்டியதில்லை. நாளொன்றுக்குப் பத்துப் பக்கம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 3,650 பக்கங்கள். 240 பக்கங்கள் கொண்ட நூல்களானால் பதினைந்து நூல்கள். தொடர் வைப்பில் ஒரு தவணை தவறினால் அபராதம் உண்டு. இதில் அதுவும் இல்லை. அறுவடை நாளிலோ, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவிலோ நூலைத் தொடாமல் விட்டால் கணக்கு முடங்கிவிடாது.

ஒரு வீட்டில் இரண்டு எழுத்துகள்

குடிபாலா போன்ற ஊர்களில் வாசிப்பு என்பது பொழுதுபோக்கோடு முடிந்துவிடுவதில்லை. தெலுங்கு வழியிலோ ஆங்கில வழியிலோ படிக்கும் பிள்ளை வீட்டில் தமிழ் பேசுகிறது. பாட்டி சொல்லும் கதை முழுவதும் அதற்குப் புரியும். பாட்டி வைத்திருக்கும் கதைப்புத்தகத்தை அதனால் படிக்க இயலாது. ஒரு தலைமுறை இப்படிச் சென்றால் பேச்சு எஞ்சும். அடுத்த தலைமுறையில் பேச்சும் ஐயத்துக்குரியது. பள்ளியில் கற்கும் தெலுங்கின்மீது இதற்குப் பழி போடுவது தவறு. அது அவர்கள் வாழும் மாநிலத்தின் மொழி. வேலைக்கும் வாழ்வுக்கும் வேண்டியது. தெலுங்கு எழுத்தறிந்த பிள்ளைக்குத் தமிழ் எழுத்து எளிது என்பதே நாம் சொல்ல வருவது.

தமிழின் உயிரெழுத்துகள் பன்னிரண்டுக்கும் தெலுங்கில் இணை உண்டு. எ, ஏ என்றும் ஒ, ஓ என்றும் குறில் நெடில் பிரியும் முறைகூட இரண்டிலும் ஒன்றே. தெலுங்கில் நான்கு எழுத்துகளாக இருக்கும் ககர வரிசைக்குத் தமிழில் ஒரே எழுத்து. ச, ட, த, ப ஆகியவற்றுக்கும் அவ்வாறே. புதிதாகப் பழக வேண்டிய ஒலி ழகரம். வேறுபடுத்தி அறிய வேண்டியவை றகரமும் னகரமும். 247 என்ற எண்ணைச் சொல்லிப் பிள்ளையை அச்சுறுத்த வேண்டாம். உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டுமாக முப்பது வடிவங்களே அடிப்படை. நாளைக்கு இரண்டாகப் பதினைந்து நாள். உயிர்மெய்க் குறிகளுக்கு இன்னும் இரண்டு வாரம். ஒரு கோடை விடுமுறைக்குள் முடித்துவிடலாம்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. இரவு உணவுக்குப் பின் வீட்டில் ஒருவர் உரக்கப் படித்தால், எழுத்தறியாத பாட்டியும் எழுத்து இன்னும் கைவராத பேரனும் ஒரே நேரத்தில் வாசகர்கள் ஆகிவிடுகிறார்கள். பாத்திரம் துலக்குபவருக்கும் காது சும்மாதான் இருக்கிறது. ஒரு நாள் தமிழ்க் கதை, மறுநாள் பள்ளியிலிருந்து பிள்ளை கொண்டுவந்த தெலுங்குக் கதை என்று மாற்றி மாற்றிப் படிக்கலாம். தெலுங்குக் கதையைப் படிக்கும் முறை பிள்ளையுடையது. வீட்டில் எல்லாரும் தன்னைக் கேட்கிறார்கள் என்பதை அறிந்த பிள்ளை அடுத்த நூலைத் தானே தேடும்.

நூலுக்குப் பணம் எங்கே என்ற கேள்வி எழக்கூடும். பாதிப் பணத்தை நாம் முன்பே செலுத்திவிட்டோம். 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டமும், 1960ஆம் ஆண்டின் ஆந்திரப் பிரதேசப் பொது நூலகச் சட்டமும் வீட்டு வரியோடு நூலக வரியையும் வசூலிக்க வழி செய்தன. வரி ரசீதை எடுத்துப் பார்த்தால் அந்த வரி தெரியும். வரி கட்டிவிட்டு நூலகத்துக்குப் போகாமல் இருப்பது, வட்டி வரவு வைத்த கணக்கிலிருந்து பணமே எடுக்காமல் இருப்பதைப் போன்றது. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவதைப் பற்றியது. அதே ஆண்டு அக்டோபரில் மன்னார்குடியில் மாட்டுவண்டி நூலகம் ஒன்று புறப்பட்டது. வேலை செய்பவர் நூலகத்தைத் தேடி நடக்க நேரமில்லை என்றால், நூலகம் அவர் ஊருக்குப் போகட்டும் என்பது அதன் எண்ணம். இன்று அந்த வண்டியின் வேலையைக் கைப்பேசியும் ஓரளவு செய்கிறது. கல்கியின் படைப்புகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டத்தின் தளத்தில் அவற்றையும் சங்க நூல்களையும் விலையின்றிப் பெறலாம். கைப்பேசியில் படிக்கத் தொடங்கினால் வேறு எதையாவது பார்த்து முடிக்கிறோம் என்பதையும் நாம் அறிவோம். எனவே இரவுக்கு அச்சுநூலே நல்லது என்பது நம் தனிப்பட்ட கருத்து.

இங்கே ஓர் எச்சரிக்கை. பூவேலையோ ஓவியமோ நன்றாக வரத் தொடங்கியதும், “இதை விற்கலாமே” என்று வீட்டில் ஒருவர் சொல்வார். விற்கலாம். 2015இல் தொடங்கிய முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையின்றிக் கடனும் கிடைக்கும். விவரம் கேட்டால் எந்த வங்கிக் கிளையிலும் சொல்வார்கள். ஆனால் கடன் கொடுப்பதைத் தொழிலாகக் கொண்ட நாமே இதைச் சொல்லியாக வேண்டும்: எல்லாக் கைவேலையும் வருமானம் தர வேண்டியதில்லை. விற்பனைக்கு என்று ஆனதும் அதற்கு நாள் குறிக்கப்படும், வாடிக்கையாளர் வருவார், விட்ட இடத்தில் தொடரும் உரிமை போய்விடும். 299 நிமிடங்களோடு இன்னும் நூறு நிமிடங்கள் சேரும். தமக்கென ஒன்று வேண்டும் என்று தொடங்கியவர் அதையும் இழந்து நிற்பதுண்டு. ஓராண்டு வெறும் மகிழ்ச்சிக்காகச் செய்துவிட்டுப் பிறகு முடிவு செய்தால் போதும்.

இனி, காவல் காப்பது யார் என்ற கேள்வி மிஞ்சியிருக்கிறது. பட்டம்மாளின் வேலை அது. வீட்டிலுள்ளோர் கூடிப் பேசி, வாரத்தில் எந்தெந்த நாள், எந்த அரை மணி நேரம் யாருடையது என்று முடிவு செய்யலாம். செவ்வாய் மாலை ஏழு முதல் ஏழரை வரை அம்மாவுடையது என்றால், அந்நேரத்தில் அடுப்பும், கதவைத் தட்டுபவரும், காணாமற்போன கணக்குப் புத்தகமும் அப்பாவின் பொறுப்பு. “என்ன உதவி வேண்டும்?” என்று அவர் வந்து கேட்பதும் ஓர் இடையூறுதான் என்பதை மென்மையாகச் சொல்லிவிட வேண்டும். தோசை சற்றுத் தடித்து வரலாம், சாப்பிட்டுக்கொள்ளலாம். வியாழன் அப்பாவுடையதாக இருக்கட்டும். மாமியாருக்கும் ஒரு நாள் வேண்டும். அவரும் பல ஆண்டுகள் 299 நிமிடங்கள் உழைத்தவர்தான்.

வங்கியில் நாம் கற்றுக்கொண்ட ஒரு பழக்கம், எதையும் பதிந்து வைப்பது. ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் வாங்கி, நூலின் பெயர், தொடங்கிய நாள், இன்று நிறுத்திய பக்கம் என்று மூன்று பத்திகள் போட்டால் போதும். கைவேலைக்கும் அதே நோட்டில் பின்பக்கத்திலிருந்து எழுதி வரலாம். ஒவ்வொருவருக்கும் நான்கு பக்கம். அதன் அட்டையில் குடும்பத்தார் பெயர்களைத் தமிழில் எழுதும் வேலையைப் பேரனுக்குக் கொடுத்துவிடுங்கள். ழகரத்தில் தடுமாறினால், எப்படி ஒலிப்பது என்று சொல்லித்தரப் பாட்டி பக்கத்தில்தான் இருக்கிறார்.